திரும்பி வந்த வண்டியை வெளியே நிறுத்தியவர்கள்

எனக்கு எழுத்து கோணலாகத்தான் வரும். ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே சேர்த்து எழுத வேண்டும் என்பதெல்லாம் தெரியாது, மன்னித்துக்கொள்ளுங்கள். மறதியும் வந்துவிட்டது. காலை மாத்திரை போட்டேனா என்று மதியம் சந்தேகப்படுகிறேன். நேரில் வந்து பேசுங்கள் என்றுதான் கூப்பிட்டீர்கள். நாலு பேர் என் முகத்தைப் பார்த்தால் எனக்கு நாக்கு உள்ளே போய்விடும். அதனால் எழுதித் தருகிறேன். ஒர்க்‌ஷாப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளே, படித்தால் படியுங்கள். இல்லாவிட்டால் கை துடைக்க உதவும்.

கிருமாம்பாக்கத்தில் கடலூர் ரோட்டு மேல் இருந்த ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தேன். கழற்றிப் போட்ட சாமான்களை டீசல் தட்டில் வைத்துக் கழுவுவதுதான் முதல் வேலை. பிறகு ரேடியேட்டர், டேங்க், ஓஸ் என்று தண்ணீர் ஓடுகிற எல்லாவற்றையும் சுத்தம் செய்வது என் தலையில் விழுந்தது. எஞ்சினைப் பிரிக்கிறவன் பெரிய ஆள், கழுவுகிறவள் சின்ன ஆள் என்று அங்கே ஒரு எண்ணம் இருந்தது. அந்த எண்ணம் யாருக்கு இருந்தது என்று கேட்காதீர்கள். எஞ்சினைப் பிரிக்கிறவர்களுக்குத்தான்.

எந்த போல்ட்டை எப்படிக் கழற்றுவது என்று சொல்ல உங்களுக்கு ஆள் இருக்கிறது. செல்போனில் வீடியோவும் இருக்கிறது. நான் சொல்ல வந்தது தண்ணீரில் எண்ணெய் கலந்த ஒரு வண்டியைப் பற்றி. எஞ்சினைக் குளிர வைக்க ஒரு தண்ணீர் ஓடுகிறது. தேயாமல் இருக்க ஒரு எண்ணெய் ஓடுகிறது. இரண்டும் ஒரே வீட்டில் இருந்தாலும் வாசல் வேறு வேறு. எங்கேயோ சுவர் விட்டுப்போனால் எண்ணெய் தண்ணீருக்குள் வந்து, தண்ணீர் டேங்க் மூடியைத் திறந்தால் பழுப்பாகக் கூழ் மாதிரி நிற்கும். விரலால் தொட்டால் வழுக்கும். துணியில் பட்டால் போகாது.

நம் ஊர் ஆட்கள் அந்த டேங்கில் எதைத்தான் ஊற்றவில்லை. ஒழுகுகிறது என்று மஞ்சள் தூளைக் கொட்டியவர் உண்டு. முட்டையை உடைத்து ஊற்றியவர் உண்டு. வெந்து போன முட்டையை நான் கம்பி விட்டுக் குத்தி எடுத்திருக்கிறேன். கரிக்கலாம்பாக்கத்து டிராக்டர்காரர் ஒருவர், துருப்பிடிக்கக் கூடாது என்று லேத்துப் பட்டறையில் இரும்பு கடையும்போது ஊற்றுகிற எண்ணெயை வாங்கி வந்து மருமகன் காரில் ஊற்றிவிட்டார். டேங்க் தண்ணீர் முழுக்கப் பால் மாதிரி ஆகிவிட்டது. எங்கள் மேஸ்திரி எட்டிப் பார்த்தார். "ஹெட் கேஸ்கெட்டு போச்சு" என்றார். நல்ல வேளையாக அந்த மாமனாரே, "நான்தாம்பா ஊத்தினேன்" என்று தலையைச் சொறிந்தார். எஞ்சின் பிழைத்தது.

மேஸ்திரியின் பேரை எழுத மாட்டேன். அவருக்குப் பிள்ளை குட்டி இருக்கிறது. தண்ணீரில் எது கலந்திருந்தாலும் அவரிடம் ஒரே பதில்தான். எஞ்சினுக்கு மேல்மூடி மாதிரி இருக்கும் கனமான இரும்புதான் ஹெட். அதற்கும் அடிப்பாகத்துக்கும் நடுவில் வைக்கிற தகடு கேஸ்கெட். அது போய்விட்டது என்றால் ஹெட்டைத் தூக்க வேண்டும், கடலூர் லேத்துக்கு அனுப்ப வேண்டும், வண்டி நாள் கணக்கில் எலும்புக்கூடாகக் கிடக்க வேண்டும். நாலு ஆள் சேர்ந்து ஹெட்டைத் தூக்குவது பார்க்க நன்றாக இருக்கும். வாடிக்கைக்காரனுக்கும் பெரிய வைத்தியம் நடந்த மாதிரி இருக்கும்.

இன்னொரு பழக்கமும் இருந்தது. வேலை முடிந்த வண்டியை எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்றித்தான் வாசலைத் தாண்ட விடுவார். பழத்தை நசுக்கிக்கொண்டு போன வண்டி அதே கோளாறோடு திரும்பி வந்தால் தரித்திரமாம். அதை உள்ளே விடக்கூடாது. வெளியே பூவரச மரத்தடியில் நிறுத்த வேண்டும். குற்றம் வண்டிக்காரன் மேல்தான் என்று பேசி முடித்த பிறகுதான் உள்ளே விடுவார். மற்ற வாடிக்கைக்காரர்கள் கண்ணில் படக்கூடாது என்பதுதான் விஷயம். அதற்குச் சாமி பேரைச் சொல்லிக்கொண்டார். சாமியும் பொறுத்துக்கொண்டது.

ஏழுமலை செலியமேட்டுக்காரர். நெல் வியாபாரிக்கு லாரி ஓட்டிவிட்டு, பழைய டீசல் கார் ஒன்றை வாங்கியிருந்தார். வெள்ளை வண்டி. வாடகைக்கு விடவில்லை. அவர் மனைவி அஞ்சலைக்கு இரண்டு சிறுநீரகமும் வேலை செய்யவில்லை. செவ்வாயும் வெள்ளியும் பாண்டி ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். அதற்குத்தான் அந்த வண்டி. போகும்போது எதில் வேண்டுமானாலும் போய்விடலாம். திரும்பி வரும்போதுதான் உடம்பில் ஒன்றும் இருக்காது.

முதல் தடவை ஏழுமலை டேங்கைத் திறந்து காட்டியபோது மேஸ்திரி குனியக்கூட இல்லை.

"வேற இன்னாவா இருக்கப்போவுது? ஹெட் கேஸ்கெட்டுதான்."

"வண்டி சூடே ஆவலியே மேஸ்திரி. வெள்ளப் பொகையும் இல்ல."

"ஆவும். இனிமே ஆவும். அது வரிக்கும் ஓட்டிக்கினே இருப்பியா?"

அங்கே இரண்டாவது மெக்கானிக் ஒருவர் இருந்தார். எல்லோரும் சின்னவர் என்போம். என்னைவிட ரொம்ப இளையவர். ஆனாலும் தொழிலில் நான் அண்ணாந்து பார்த்த ஆள் அவர் ஒருவர்தான். தன் பேரைப் போடக்கூடாது என்று சொல்லிவிட்டார். அவர் எண்ணெய் அளக்கிற கம்பியை உருவித் துணியில் துடைத்துப் பார்த்தார்.

"எண்ணெ சுத்தமா கீதே மேஸ்திரி. தண்ணி எறங்கின மாதிரி தெரியல. டேங்குல குமிழியும் வர்ல."

"சுத்தமா இருந்தா சந்தோசப்படு. ஸ்பேனர எடு."

எடுத்தார். ஹெட்டைத் தூக்கினார்கள்.

அந்த நாட்களில் அஞ்சலை பஸ்ஸில் போய் வந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை திரும்பும்போது, செலியமேடு வரைக்கும் தாங்காது என்று கிருமாம்பாக்கத்திலேயே இறங்கிவிட்டாள். இறங்கியவள் ஒர்க்‌ஷாப்புக்கு எதிரே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். சின்னவர் ஓடிப்போய் நாற்காலி போட்டார். நான் சொம்பில் தண்ணீர் கொண்டுபோனேன். உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டு திருப்பித் தந்தாள்.

"எனுக்கு தண்ணி அளவுதாங்க்கா. ஒரு வாய்க்கு மேல குடிக்கக்கூடாது. குடிச்சா உள்ளயே நின்னுக்கும்."

அவளுக்கு முன்னால் நான் ரேடியேட்டர் கழுவுவதற்கு விட்டிருந்த ஓஸிலிருந்து தண்ணீர் வீணாகப் போய்க்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய்க் குழாயை மூடினேன். உள்ளே அவள் வண்டியின் ஹெட் இல்லாத எஞ்சின் வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

லேத்திலிருந்து ஹெட் வந்தது. புது கேஸ்கெட் போட்டார்கள். எலுமிச்சம்பழம் நசுங்கியது. மேஸ்திரி கையை ஆட்டி வழியனுப்பினார். கொஞ்ச நாளில், ஒரு வியாழக்கிழமை காலை, அதே வெள்ளை வண்டி வாசலில் நின்றது. பாகூருக்கு ரத்தப் பரிசோதனைக்குப் போய்விட்டு வருகிற வழியில் டேங்க் மூடியைத் தள்ளிக்கொண்டு கூழ் வழிந்திருக்கிறது. அஞ்சலை பின் சீட்டில் இருந்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமை.

"மரத்தடிக்கு வுடு, மரத்தடிக்கு வுடு" என்று மேஸ்திரி உள்ளிருந்தே கை காட்டினார். பிறகு வந்தார். டேங்கைப் பார்க்கவில்லை. ஏழுமலையைப் பார்த்தார்.

"நீ இன்னா ஊத்தின உள்ள?"

"தண்ணிதான்."

"இன்னா தண்ணி?"

"வூட்டு போர் தண்ணி."

"அதான். உப்புத் தண்ணிய ஊத்திக்கினு வந்து எங்கிட்ட நிக்கிற. ஹெட்டு வெடிச்சிருக்கும். வேற ஹெட்டு பாக்கணும்."

உப்புத் தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் எப்படி வரும் என்று யாரும் கேட்கவில்லை. ஏழுமலை நாளைக்கு ஆஸ்பத்திரி என்றார். பஸ் ஓடுதே என்றார் மேஸ்திரி. போன தடவை அவள் மண்ணில் உட்கார்ந்ததை அவரும்தான் பார்த்தார். பார்த்துவிட்டு டீ குடித்தார்.

சின்னவர் அந்த மரத்தடியிலேயே மறுபடி ஹெட்டைக் கழற்ற ஸ்பேனரோடு குனிந்துவிட்டார். நான் டேங்கைக் கழற்றிக் கூழை வழித்துக்கொண்டிருந்தேன். அஞ்சலை கதவைத் திறந்து வைத்துக் காலை வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்துவிட்டுச் சின்னவரிடம் பேசினாள்.

"தம்பி, ஒண்ணு கேக்குறேன். திட்டாத."

"கேளுக்கா."

"எனக்கு மிஷின்ல ஒரு கொழா மாட்டுவாங்க. உள்ள முடி கணக்கா சின்னச் சின்ன கொழா. அதுக்குள்ள என் ரத்தம் ஓடும், வெளியால தண்ணி ஓடும். நடுவுல மெல்லிசா ஒரு தோலு. அது கிழிஞ்சா ரத்தம் தண்ணில வந்துடும். தண்ணி ரத்தத்துக்கு அவ்ளோவா வராது, ரத்தத்தத்தான் மிஷினு தள்ளிக்கினு கீதே. பக்கத்து பெட்டு அம்மாவுக்கு ஒரு தபா அப்டி ஆயி, மிஷினு கத்திச்சு. நர்சம்மா ஓடியாந்து கொழாய மாத்துனாங்க." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "கொழாயத்தான் மாத்துனாங்க தம்பி. அந்த அம்மா தலைய பொளக்கல."

சின்னவர் நிமிர்ந்தார்.

"இதுலயும் எண்ணெயும் தண்ணியும் அப்டி பக்கத்துல பக்கத்துல ஓடுற எடம் எதுனா கீதா?"

மேஸ்திரி வாசலில் நின்று சிரித்தார். "ஆஸ்பத்திரி கதய ஆஸ்பத்திரில வெச்சிக்கோமா. இது எஞ்சினு."

அப்படி ஒரு இடம் இருக்கிறது. ஆயில் கூலர் என்பார்கள். எண்ணெய் வடிகட்டி உட்காருகிற இடத்துக்குப் பக்கத்தில், உள்ளங்கை அகலத்தில், தட்டுத் தட்டாக அடுக்கிய ஒரு சாமான். ஒரு தட்டில் எண்ணெய், அடுத்த தட்டில் தண்ணீர். தண்ணீர் எண்ணெயின் சூட்டை வாங்கிக்கொண்டு போகும். எண்ணெயை பம்ப் அழுத்தித் தள்ளுகிறது. அதனால் தட்டு விரிசல் விட்டால் எண்ணெய்தான் தண்ணீருக்குள் போகும். அளக்கிற கம்பி சுத்தமாகவே இருக்கும்.

இது அங்கே யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. மேஸ்திரிக்குத் தெரியும். சின்னவருக்குத் தெரியும். எத்தனையோ கூலரைக் கழுவிய எனக்கும் தெரியும். மேஸ்திரி வாயிலிருந்து ஒரு தடவை "ஹெட் கேஸ்கெட்டு" என்று வந்துவிட்டது, அதற்குப் பிறகு கண்ணால் பார்த்தது எல்லாம் அந்தப் பேச்சுக்குக் கீழே போய்விட்டது. தெரியாமல் கெடுக்கிறவனுக்குச் சொல்லிக்கொடுத்துவிடலாம். தெரிந்துகொண்டே சொன்ன சொல்லைக் காப்பாற்ற எஞ்சினைப் பிரிக்கிறவனை என்ன செய்வது?

சின்னவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். ஒரு ஆள் வேலை நடுவில் ஸ்பேனரைக் கீழே வைப்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குப் போகப் போகத் தெரியும். கூலரைக் கழற்றினார். ஒரு பக்கத்து வாயை அடைத்து, பஞ்சர் பார்க்கிற மாதிரி வாளித் தண்ணீரில் அமுக்கி, இன்னொரு பக்கம் காற்று விட்டார்.

ஒரு குமிழிகூட வரவில்லை.

"ஆச்சா?" என்றார் மேஸ்திரி. "நர்சம்மா வேல ஆச்சா? ஹெட்ட தூக்கலாமா?"

ஏழுமலை தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டார். சின்னவர் வாளியையே பார்த்துக்கொண்டு ஏழுமலையிடம் கேட்டார். "அண்ணே, எப்ப கலக்குது? காலையில எடுத்ததுமா?"

"இல்லப்பா. எடுத்தப்போ நல்லா கீது. கொஞ்ச தூரம் போய் சூடு ஏறினப்புறந்தான்."

சின்னவர் என்னைப் பார்த்தார். நான் வாளித் தண்ணீரைக் கொட்டிவிட்டு எதிர் டீக்கடைக்குப் போனேன். பாய்லர் தண்ணீரை வாளியில் பிடித்துத் தரச் சொன்னேன். "இன்னாக்கா, வண்டிக்கு டீ போடுறீங்களா?" என்று டீக்கடைக்காரர் கேட்டார். வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். சூடான தண்ணீரில் கூலரைக் கொஞ்ச நேரம் ஊறவிட்டு மறுபடி காற்று விட்டதும், சூட்டில் விரிசல் வாய் திறந்து, தட்டுக்கு நடுவிலிருந்து குமிழி சரம் சரமாக வந்தது. ஏழுமலை வாளிக்குப் பக்கத்தில் குந்திவிட்டார்.

மேஸ்திரியும் பார்த்தார். "கூலரு, ஹெட்டு ரெண்டும் போயிருக்கும்" என்றார்.

ஏழுமலை பஸ் ஏறிப்போய்ப் பாண்டியிலிருந்து புதுக் கூலர் வாங்கி வந்தார். சின்னவர் மாட்டினார். அதற்குப் பிறகுதான் என் வேலை. இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள், ஏனென்றால் பாதிப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். கோளாறைச் சரிசெய்துவிட்டாலும் ஏற்கெனவே கலந்த எண்ணெய் ஓடிவிடாது. எஞ்சினுக்குள் சந்து பொந்தெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கும். ஓஸ் ரப்பர் எண்ணெய் குடித்து ஊதிக் கொழகொழத்திருக்கும், அதை மாற்றியே ஆக வேண்டும். கழுவுவதற்கென்றே விற்கிற மருந்தை விட்டு, சூடு ஏற்றி, ஆறவிட்டு, வடித்து, மறுபடி நல்ல தண்ணீர் விட்டு, மறுபடி. சில புத்திசாலிகள் துணி சோப்புத் தூளைக் கொட்டுவார்கள். நுரை மூடி வழியாகக் கல்யாண வீட்டுப் பந்தல் மாதிரி எழும்பும். எண்ணெய் இருந்த இடத்திலேயே இருக்கும்.

வெயில் சாய்கிற நேரம். திரும்பத் திரும்பக் கழுவியும் தண்ணீர் மேல் வானவில் மாதிரி எண்ணெய் மின்னியது. மேஸ்திரி காத்துக்கொண்டிருந்தது இதற்குத்தான்.

"பாத்தியா? புதுக் கூலர் போட்டும் எண்ணெ. நான் அப்பவே சொன்னேன். ஏழுமல, இவன நம்பி நடுரோட்டுல நிக்கப்போற. உன் பொண்டாட்டிய வெச்சிக்கினு."

அந்தக் கடைசி வார்த்தைக்கு ஏழுமலை முகம் செத்துவிட்டது. அவர் சின்னவரைப் பார்த்தார். சின்னவருக்கும் உறுதி இல்லை. எனக்கு அவர் முகம் தெரியும். அவர் மேஸ்திரியோடு சண்டைக்குப் போகவில்லை. என்னிடம் வந்தார்.

"அக்கா, கொறயுதா?"

ஒவ்வொரு தடவை வடிக்கும்போதும் பழைய வெள்ளை வேட்டித் துண்டு ஒன்றை அந்தத் தண்ணீரில் முக்கி மதில் மேல் வரிசையாகக் காயப் போட்டிருந்தேன். அது என் பழக்கம், கண்ணை நம்ப மாட்டேன். கையைக் காட்டினேன். முதல் துணி காப்பி வடிகட்டின துணி மாதிரி. கடைசித் துணியில் ஓரத்தில் மட்டும் ஒரு மஞ்சள் கோடு.

"கொறயுது" என்றேன். என் காதுக்கே கேட்டிருக்காது.

"கழுவுறவங்கள கேட்டுத்தான் இனிமே வண்டி பாக்கணுமா?" என்றார் மேஸ்திரி.

"கழுவுனவங்கதான மேஸ்திரி பாத்தாங்க" என்றார் சின்னவர். குரலை உயர்த்தவில்லை. பிறகு ஏழுமலையிடம் சொன்னார். "அண்ணே, புதுசா வந்தா அதிகமாவணும். இது கொறஞ்சிக்கினே வருது. பழைய எண்ணெதான்னு நான் நெனைக்கிறேன். நெனைக்கிறேன், அவ்ளோதான். நாளைக்கு நானே ஓட்டிக்கினு வரேன். சூட்டு முள்ளு ஏறுச்சினா நிறுத்திட்டு வேற வண்டி புடிச்சி அக்காவ அனுப்பிட்டுத்தான் எதுனா செய்வேன்."

நான் மதிக்கிறது இதைத்தான். கூலர் என்று கண்டுபிடித்ததை இல்லை. அதை அஞ்சலை கேட்டுக் கொடுத்தாள். தனக்கு எவ்வளவு தெரியும், எவ்வளவு தெரியாது என்று வண்டிக்காரன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, தெரியாத பங்குக்குத் தானே கூட உட்கார்ந்து போனார் பாருங்கள். மேஸ்திரி எத்தனை வண்டியை வழியனுப்பினார். ஒன்றிலாவது ஏறி உட்கார்ந்தாரா?

வெள்ளிக்கிழமை நான் கழுவிய எதுவும் சுத்தமாகவில்லை. ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். மதியத்துக்கு மேல் வெள்ளை வண்டி கடலூர் ரோட்டில் திரும்பியது. சின்னவர்தான் ஓட்டிக்கொண்டு வந்தார். மரத்தடியில் நிறுத்தவில்லை. வாசலைத் தாண்டி நேராக உள்ளே கொண்டுவந்து, மேஸ்திரி நாற்காலிக்கு எதிரே நிறுத்தினார். திரும்பி வந்த வண்டி ஒன்று மரத்தடியில் நிற்காமல் நேராக உள்ளே வந்து நான் பார்த்தது அன்றைக்குத்தான். கூரை இடிந்து விழவில்லை. மேஸ்திரி டீ குடிக்கப் போய்விட்டார். சாயங்காலம் யாரிடமோ, "கூலராத்தான் இருக்கும்னு எனக்கு அப்பவே ஒரு டவுட்டு" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

எஞ்சின் ஆறட்டும் என்று காத்திருந்து டேங்க் மூடியைத் திறந்தேன். வெள்ளைத் துணியை முக்கி எடுத்தேன். பின் சீட்டில் தலையைச் சாய்த்துப் படுத்திருந்த அஞ்சலை கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"எப்டிக்கா கீது தண்ணி?"

"தெளிஞ்சிடுச்சி அஞ்சல. உனுக்கு?"

"எனுக்கு செவ்வாக்கெழம வரிக்கும் தெளிஞ்சிருக்கும்."

துணியை அவள் கையில் கொடுத்தேன். விரித்துப் பார்த்துவிட்டு மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

பிள்ளைகளே, திரும்பி வந்த வண்டியை உள்ளே விடுங்கள். அது உங்களைத் திட்ட வரவில்லை, மிச்சத்தைச் சொல்ல வந்திருக்கிறது. அவ்வளவுதான் என்னால் சொல்ல முடியும்.

நான் எழுதியதில் தப்பு இருக்கும். கூலர், தட்டு, அழுத்தம் எல்லாவற்றையும் சின்னவரிடம் படித்துக் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள். இப்போது வில்லியனூரில் சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறார். அஞ்சலை சொன்ன குழாயை ஒரு நர்சிடம் கேளுங்கள், நான் பாதி மறந்து எழுதியிருப்பேன். இன்னொன்றையும் யாராவது சரிபார்க்க வேண்டும். வேலையை விட்ட பிறகு அந்த வெள்ளை வண்டி என் கண்ணில் படவில்லை. விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. செலியமேட்டுப் பக்கம் போகிறவர்கள் செவ்வாய்க்கிழமையோ வெள்ளிக்கிழமையோ காலையில் போங்கள். வீட்டுக்குள் போக வேண்டாம், யாரையும் கேட்கவும் வேண்டாம். வண்டி கிளம்புகிறதா, பின் சீட்டில் ஆள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சொல்லுங்கள்.